பழைய மீன்தொட்டியும் புதிய மீன்களும்: வாசகர் கேள்வி – பதில்

வெளிநாட்டுக்குக் குடிபெயர்வோரும் வாடகை வீடு மாறுவோரும் விட்டுச்செல்லும் கண்ணாடி மீன்தொட்டிகள் குமரி மாவட்டத்தில் பாதி விலைக்கும் அதற்குக் கீழும் கைமாறுவது வழக்கமாகிவிட்டது. அப்படி வாங்கிய தொட்டியை எப்படிச் சுத்தம் செய்வது என்று கேட்டு வந்த கடிதங்களுக்கு இவ்விதழில் பதில் அளிக்கிறோம்.

கேள்வி: ஐயா, எங்கள் தெருவில் குடியிருந்த ஒரு குடும்பத்தினர் வளைகுடா நாட்டுக்குச் சென்றபோது அவர்களிடமிருந்து 3 அடி நீளமும் ஒன்றரை அடி அகலமும் ஒன்றரை அடி உயரமும் உள்ள தொட்டியை வாங்கினேன். நெடுநாள் மொட்டைமாடியில் காய்ந்து கிடந்தது. உள்ளே வெண்படலமும் காய்ந்த பாசியும் ஒட்டியிருக்கின்றன. எதிலிருந்து தொடங்குவது?
— வாசகர், தக்கலை

பதில்: கழுவுவதிலிருந்து தொடங்காதீர்கள். ஒழுகும் தொட்டியை ஒருநாள் முழுக்கத் தேய்த்துப் பளபளப்பாக்கிய பிறகுதான் அது ஒழுகுகிறது என்று தெரியவந்தால், உழைப்பும் போய், ஒட்டுவதற்காக மறுபடியும் சுரண்டவும் நேரும். எனவே தூசியையும் உதிரும் பாசியையும் ஈரத்துணியால் துடைத்தெடுத்துவிட்டு, முதலில் தொட்டியின் உடல்நிலையைப் பாருங்கள்.

வெளிச்சத்தில் வைத்து நான்கு மூலைகளிலும் அடியிலும் உள்ள சிலிக்கான் ஒட்டைக் கூர்ந்து நோக்குங்கள். இரண்டு கண்ணாடிகள் சேரும் இடத்தில் காற்றுக்குமிழிகளோ, நகத்தால் நெம்பினால் எழும்பி வரும் ஓரமோ இருந்தால் அந்த ஒட்டை நம்ப முடியாது. ஒட்டின் மேல் பச்சையாகவோ கருப்பாகவோ படிந்திருக்கும் பாசிக் கறை அழகைக் கெடுக்குமே தவிர, பலத்தைக் குறைக்காது. அதைவிட முக்கியமான தடயம் வெளிப்புறத்தில் இருக்கும். மூலையிலிருந்து கீழ்நோக்கி நூல்போல ஒரு வெள்ளைக் கோடு இறங்கியிருந்தால், முன்பே அந்த வழியாக நீர் கசிந்து, நீர் ஆவியாகி, அதிலிருந்த உப்பு மட்டும் தங்கியிருக்கிறது என்று பொருள். விற்றவர் ‘ஒழுகாது’ என்று உறுதி சொன்னாலும் அந்தக் கோடு சொல்வதை நம்புங்கள்.

அதன்பின் தொட்டியை வீட்டுக்குள் வைக்காமல், முற்றத்திலோ கார் நிறுத்துமிடத்திலோ சமதளமான தரையில் ஒரு தெர்மாகோல் தகட்டின் மேல் வைத்து, சுற்றிலும் காய்ந்த செய்தித்தாளை விரித்துவிடுங்கள். கால்பங்கு நீர் ஊற்றிச் சில மணி நேரம் பொறுத்து, தாள் நனையாவிட்டால் பாதி வரையிலும், பிறகு முழுவதும் நிரப்பி, நீர்மட்டம் நின்ற இடத்தில் ஒரு துண்டு டேப்பை ஒட்டி, குறைந்தது ஒருநாள், முடிந்தால் இரண்டு நாள் விட்டுவைக்க வேண்டும். வெயிலில் நீர் சிறிது ஆவியாகக் குறைவது இயல்பு. அதை ஒழுக்கு என்று எண்ணிக் கலங்க வேண்டாம். தாள் நனைந்திருக்கிறதா என்பதே கேள்வி.

உங்கள் அளவுத் தொட்டி நிரம்ப ஏறத்தாழ 191 லிட்டர் நீர் பிடிக்கும். நீர் மட்டுமே 191 கிலோ. கண்ணாடியும் சரளையும் சேர்ந்தால் 200 கிலோவைத் தாண்டிவிடும். ஆகவே சிறிதளவு நீர் இருந்தாலும் தொட்டியைத் தூக்கவோ நகர்த்தவோ கூடாது. தூக்கும்போது மேல்விளிம்பைப் பிடிக்காமல் அடியில் கைகொடுத்து இருவராகத் தூக்க வேண்டும். பழைய தொட்டிகளில் ஒட்டு விட்டுப்போவதற்கு, மேல்விளிம்பைப் பிடித்துத் தூக்கும் அந்தப் பழக்கமே பெரும்பாலும் காரணம்.

விற்றவரிடம் இன்னும் பேச்சுத்தொடர்பு இருந்தால் இரண்டு செய்திகளைக் கேட்டுவிடுங்கள். தொட்டியில் கடைசியாக இருந்த மீன்கள் எப்படிப் போயின? நோய்க்கு மருந்து ஏதேனும் ஊற்றினார்களா? மயில்துத்தம் போன்ற தாமிரம் கலந்த மருந்து பயன்பட்டிருந்தால், அது சரளையிலும் வெண்படலத்திலும் தங்கியிருக்கக்கூடும். மீன்கள் தாங்கும் அளவுகூட இறாலையும் நத்தையையும் கொன்றுவிடும். அலங்கார இறால் வளர்க்கும் எண்ணம் இருப்பவர்கள் இந்தக் கேள்வியைக் கேட்காமல் தொட்டி வாங்கவே கூடாது என்பது எம் கருத்து.

கேள்வி: தொட்டியின் மேல்பாதியில் ஒரு வெள்ளைக் கோடு கெட்டியாகப் படிந்திருக்கிறது. ஸ்டீல் நாரால் தேய்த்தும் போகவில்லை. கண்ணாடியில் கீறல்தான் விழுந்தது. என்ன செய்யலாம்?
— வாசகி, ராஜாக்கமங்கலம்

பதில்: ஸ்டீல் நாரை இப்போதே கீழே வைத்துவிடுங்கள். அது கண்ணாடியைக் கீறுமே ஒழிய, அந்தக் கோட்டை அசைக்காது. ஏனெனில் அது அழுக்கு அன்று. நீரிலிருந்த சுண்ணாம்புச் சத்து, அதாவது கால்சியம் கார்பனேட், நீர் ஆவியாகும் விளிம்பில் அடுக்கடுக்காகப் படிந்து கல்லாகிவிட்டது. உங்கள் பகுதியைப் போலக் கடலோரத்தை ஒட்டிய கிணற்று நீரும் ஆழ்துளைக் கிணற்று நீரும் பல இடங்களில் கடினமாக இருப்பதால், ஆவியான நீருக்கு ஈடாக மீண்டும் மீண்டும் அதே நீரை ஊற்றிவந்த தொட்டிகளில் இந்தக் கோடு தடித்துப்போகும். சுண்ணாம்பைக் கரைக்கப் புளிப்பு வேண்டும், தோள்வலிமை தேவையில்லை.

மளிகைக் கடையில் கிடைக்கும் வெள்ளை வினிகரே போதும். அதில் அசெட்டிக் அமிலம் 4 அல்லது 5 சதவீதம்தான் இருக்கும். ஆனால் நிமிர்ந்து நிற்கும் கண்ணாடியில் வினிகரைத் தெளித்தால் அது வழிந்தோடிவிடும். அமிலம் வேலை செய்ய நேரம் வேண்டும். எனவே நீரை முழுவதும் வடித்தபின், மெத்தென்ற துணி விரித்து, இருவராகச் சேர்ந்து தொட்டியைப் பக்கவாட்டில் படுக்கவையுங்கள். சுத்தம் செய்யவேண்டிய கண்ணாடி தரையாக அமைந்துவிடும். வெள்ளைக் கோட்டின் மேல் பழைய பருத்தித் துணியை நீளவாக்கில் மடித்துப் போட்டு, அது ஊறும்வரை வினிகரை ஊற்றி, காயாமலிருக்க மேலே பிளாஸ்டிக் தாளால் மூடி, ஒன்று அல்லது இரண்டு மணி நேரம் விடுங்கள். துணியை மெல்ல உயர்த்திப் பார்த்தால், கோட்டின் விளிம்பில் சோடா நுரைப்பதுபோல் பொடிப்பொடியான குமிழிகள் எழும்பிக்கொண்டிருக்கும். சுண்ணாம்பு கரைந்து கரியமில வாயு வெளியேறுவதன் அடையாளம் அது. குமிழி நின்றதும் வினிகரின் புளிப்புத் தீர்ந்துவிட்டது என்று அறிந்து புதிதாக ஊற்றுங்கள்.

வினிகருக்குப் பதிலாக எலுமிச்சை உப்பு எனப்படும் சிட்ரிக் அமிலத்தை, ஒரு லிட்டர் வெதுவெதுப்பான நீருக்கு 30 கிராம் அளவில் கரைத்தும் பயன்படுத்தலாம். அதில் நெடி இல்லை. கிணற்று நீரில் இரும்புச்சத்து உள்ள மேற்குப் பகுதி வாசகர்களின் தொட்டிகளில் படியும் செம்பழுப்புக் கறைக்கு வினிகரைவிட எலுமிச்சை உப்பே நன்றாக வேலை செய்யும். மென்மையாகிவிட்ட மிச்சத்தை, கண்ணாடி ஈரமாக இருக்கும்போதே புதிய பிளேடால், தட்டையாகச் சாய்த்துப் பிடித்து, ஒரே திசையில் தள்ளி எடுக்க வேண்டும். மூலையிலுள்ள சிலிக்கானுக்கு அரை அங்குலம் முன்பே பிளேடை நிறுத்திவிட வேண்டும். ஒட்டைப் பிளேடு தொட்டால் இன்று தெரியாத ஒழுக்கு நாளை தெரியும். மூலைகளுக்குப் பழைய பல்துலக்கியும், வினிகரில் நனைத்த கல்லுப்பும் போதும். புத்தளத்து உப்பளங்களில் விளையும் அந்தச் சாதாரணக் கல்லுப்பு கண்ணாடியைவிட மென்மையானது. தேய்த்தாலும் கீறாது, நீரில் எச்சமின்றிக் கரைந்தும் போகும்.

ஒரு எச்சரிக்கை: ஈரமாக இருக்கும்போது கண்ணாடி எப்போதும் தெளிவாகத்தான் தோன்றும். நன்றாகக் கழுவி, துடைத்து, முற்றிலும் காய்ந்தபின் பக்கவாட்டு வெளிச்சத்தில் பார்த்தால்தான் மிச்சமுள்ள படலம் கண்ணில்படும். புதிய வினிகரை ஊற்றியும் குமிழி எழவில்லை, ஆனாலும் மங்கல் தெரிகிறது என்றால், அது படிவு அன்று. கண்ணாடியின் மேற்பரப்பே அரிக்கப்பட்டிருக்கிறது அல்லது நுண்கீறல் விழுந்திருக்கிறது. அதை வீட்டில் சரிசெய்ய இயலாது. எனினும் உட்புறத்துக் கீறல்கள் நீர் நிரம்பியதும் பெருமளவு மறைந்துவிடும் என்பதால், நீங்கள் ஸ்டீல் நாரால் போட்ட கீறல்களுக்காகத் தொட்டியை ஒதுக்கிவிட வேண்டாம்.

கேள்வி: எங்களுக்கு ரப்பர் தோட்டம் உள்ளது. பாலை உறையவைத்து ஷீட் அடிக்கப் பயன்படுத்தும் ஆசிட் வீட்டில் எப்போதும் இருக்கும். தொட்டியின் வெள்ளைக் கறைக்கு அதைப் பயன்படுத்தலாமா?
— வாசகர், குலசேகரம்

பதில்: கறை போகும், ஆனால் செய்யாதீர்கள். ரப்பர் பாலை உறையவைப்பதற்கான ஃபார்மிக் அமிலம் பெரும்பாலும் 85 சதவீதச் செறிவில் விற்பனைக்கு வருகிறது. சுண்ணாம்பை அது நொடியில் கரைத்துவிடும் என்பது உண்மைதான். ஆயினும் தோலில் பட்டால் கொப்புளிக்கும், கண்ணில் தெறித்தால் பார்வைக்கே ஆபத்து, மூடிய இடத்தில் அதன் ஆவியை முகர்ந்தால் தொண்டையும் நுரையீரலும் எரியும். பால் உறையவைக்கும்போது அதை நிறைய நீரில் கலந்து, திறந்த கொட்டகையில், நின்றபடி ஊற்றுகிறீர்கள். தொட்டியைக் கழுவும்போது அப்படியல்ல. தலையையும் தோள்களையும் கண்ணாடிப் பெட்டிக்குள் நுழைத்து, முகத்துக்கு ஒரு சாண் தொலைவில் தேய்க்கிறீர்கள். ஆவி வெளியேற வழியின்றி அங்கேயே தங்கும். மேலும் தோட்டத்துக் கொட்டகைகளில் இருக்கும் கன்னாஸ்களிலும் பாட்டில்களிலும் உள்ளது எந்த ஆசிட், எவ்வளவு கலந்தது என்று எழுதிவைக்கும் வழக்கம் பலருக்குக் கிடையாது.

கழிவறை கழுவும் ஆசிட்டுக்கும் இதே பதில்தான். புளியைக் கரைத்துத் தேய்க்கலாமா என்று வேறு சிலரும் கேட்டிருக்கிறார்கள். குத்துவிளக்குக்கு அது ஏற்றது. தொட்டியில் சக்கையும் கறையும் தங்கிவிடும்.

கேள்வி: பாத்திரம் துலக்கும் சோப்பால் தேய்த்துவிட்டேன். இப்போது என்ன செய்வது?
— வாசகி, கருங்கல்

பதில்: வெதுவெதுப்பான நீரால் பலமுறை அலசி, நிரம்ப நீர் ஊற்றி ஒருநாள் வைத்துக் கொட்டி, மீண்டும் அலசுங்கள். கையால் நீரைக் கலக்கும்போது நுரை தங்கினால் இன்னும் சோப்பு இருக்கிறது. சோப்பு மீனின் செவுள்களையும் உடம்பை மூடியுள்ள வழுவழுப்பான காப்புப் படலத்தையும் பாதிக்கும். மிகச் சிறிய அளவே போதும். தேய்த்த ஸ்பாஞ்சை மட்டும் தொட்டி வேலைக்கு இனித் தொடாதீர்கள். தொட்டிக்கென்று ஒரு வாளி, ஒரு ஸ்பாஞ்ச் என்று ஒதுக்கிவைப்பது நல்லது.

கேள்வி: நான் வாங்கிய தொட்டியில் முந்தைய உரிமையாளரின் மீன்கள் ஒன்றன்பின் ஒன்றாக நோயால் இறந்தன என்று பின்னர் தெரிந்தது. அந்தத் தொட்டியைப் பயன்படுத்துவது பாதுகாப்பானதா? ஆனி, ஆடிச் சாரலில் வெயிலில் காயவைக்கவும் வழியில்லை.
— வாசகர், மார்த்தாண்டம்

பதில்: கண்ணாடியைப் பொறுத்தவரை பாதுகாப்பாக்கிவிடலாம். கண்ணாடி எதையும் உறிஞ்சாது. அதன் மேல் படிந்ததை அகற்றிவிட்டால் பழைய கதை அங்கே தங்காது. உறிஞ்சக்கூடியவற்றில்தான் சிக்கல், அவற்றைப் பற்றிப் பின்னர்.

நோய்கள் எல்லாம் ஒரே தன்மையுடையன அல்ல. மீன்கடைகளில் மிகுதியாகக் காணும் வெண்புள்ளி நோயின் ஒட்டுண்ணிக்கு உயிர்வாழ மீன் வேண்டும்; நம் ஊர் வெப்பத்தில் நீந்தித் திரியும் அதன் குஞ்சுப் பருவம் மீன் கிடைக்காவிட்டால் சில நாள்களிலேயே மடிந்துவிடும். முற்றிலும் உலர்ந்த தொட்டியில் அது இராது. ஆனால் உடல் மெலிந்து, முதுகு வளைந்து, வயிறு ஒட்டி, மாதக்கணக்கில் ஒவ்வொன்றாக மீன்கள் இறந்திருந்தால், மீன் காசநோயை ஏற்படுத்தும் மைக்கோபாக்டீரியம் கிருமியாக இருக்கலாம். அது உலர்ச்சியையும் குளோரினையும் ஓரளவு தாங்கும். மனிதரின் கையிலுள்ள காயத்தின் வழியே புகுந்து, விரல்களில் எளிதில் ஆறாத புண்ணையும் உண்டாக்கக்கூடியது. எனவே பழைய தொட்டியைக் கழுவும் எவரும் ரப்பர் கையுறை அணிவது நல்லது. கையில் வெட்டுக்காயம் உள்ளவர்கள் அந்த வேலையை வேறொருவரிடம் விட்டுவிடுங்கள். அப்படியொரு புண் வந்து ஆறாமல் இருந்தால் மருத்துவரிடம் மீன்தொட்டி கழுவியதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் அவருக்கு அந்தக் கோணம் தோன்றாமல் போகலாம்.

கிருமிநீக்கத்துக்குக் கிணற்றில் போடும் பிளீச்சிங் பவுடரே ஏற்றது. பாக்கெட் புதியதாக இருக்கட்டும். நம் ஊர் ஈரக்காற்றில் திறந்துவைத்த பொடியின் வீரியம் விரைவில் குறைந்துவிடும். 10 லிட்டர் நீருக்கு 10 கிராம் என்ற கணக்கில் ஒரு பிளாஸ்டிக் வாளியில் கரைத்து, அடியில் சுண்ணாம்பு மண்டி தங்கியபின் மேலே தெளிந்த நீரை மட்டும் தொட்டிக்குள் ஊற்றுங்கள். மண்டியையும் சேர்த்து ஊற்றினால், வினிகரால் நீக்கிய வெண்மையை மறுபடியும் நீங்களே பூசியதாகும். அரை மணி முதல் ஒரு மணி நேரம் வரை கண்ணாடி முழுவதும் நனைந்திருக்கும்படி ஸ்பாஞ்சால் தடவிக்கொண்டே இருந்து, பிறகு கொட்டிவிட்டு மூன்று நான்கு முறை அலசுங்கள். இறுதியாக நீர் நிரப்பி, மீன்கடைகளில் ஆன்டி-குளோரின் என்று விற்கும் சோடியம் தயோசல்ஃபேட் கரைசலைக் குறிப்பிட்ட அளவைவிடச் சற்றுக் கூடுதலாக விட்டு, சில மணி நேரம் கழித்துக் கொட்டுங்கள். மூக்கை அருகில் வைத்தாலும் குளோரின் நெடி இருக்கக் கூடாது.

இந்த வரிசை மாறக்கூடாது. குளோரின் அழுக்கைக் கண்டால் அதனோடு வினைபுரிந்தே தீர்ந்துவிடும். பாசியும் சளியும் இருக்கும் தொட்டியில் பிளீச்சிங் பவுடர் போடுவது வீண். ஆகவே முதலில் ஒழுக்குப் பரிசோதனை, பிறகு வினிகர், பிறகு நன்றாக அலசல், அதன்பின்பே குளோரின். வினிகரோ எலுமிச்சை உப்போ வேறு எந்த அமிலமோ தங்கியிருக்கும் தொட்டியில் பிளீச்சிங் பவுடர் கரைசலை ஊற்றினால் நச்சான குளோரின் வாயு கிளம்பும். அதேபோல் அம்மோனியா கலந்த கண்ணாடித் துடைப்பான்களையும் அதனோடு சேர்க்கக் கூடாது. வேலை முழுவதையும் திறந்த வெளியில் செய்யுங்கள்.

காசநோய் என்ற ஐயம் இருந்தால், கழுவிக் காய்ந்த கண்ணாடியை 70 சதவீத ஐசோபுரோபைல் ஆல்கஹாலால் துடைத்து, அது தானே ஆவியாக விடுங்கள். அருகில் அடுப்போ விளக்கோ எரியக் கூடாது. தொட்டி கண்ணாடியாக இல்லாமல் அக்ரிலிக்காக இருந்தால் ஆல்கஹாலைத் தொடவே வேண்டாம், வெடிப்புகள் விழும். அக்ரிலிக்கில் பிளேடும் கூடாது. பழைய ஏடிஎம் அட்டையால் சுரண்டுவதே முறை.

வெயில் கிடைக்காததைப் பற்றிக் கவலை வேண்டாம். வெயில் நல்லது என்றாலும் உலர்ச்சிதான் முக்கியம். மின்விசிறியின் கீழ் இரண்டு மூன்று நாள் வைத்தாலும் போதும். சொல்லப்போனால், உச்சிவெயிலில் கொதிக்கக் காய்ந்த கண்ணாடியில் கிணற்று நீரைச் சட்டென ஊற்றியும், கொதிநீரை ஊற்றிக் கிருமி நீக்குவதாக நினைத்தும் தொட்டியை விரிசலாக்கியவர்கள் உண்டு.

கேள்வி: நிரப்பிப் பார்த்ததில் ஒரு மூலையில் துளித்துளியாகக் கசிகிறது. அந்த இடத்தில் மட்டும் சிலிக்கான் தடவினால் போதுமா?
— வாசகர், நாகர்கோவில்

பதில்: போதாது. காய்ந்துபோன பழைய சிலிக்கானின் மேல் புதிய சிலிக்கான் உறுதியாக ஒட்டாது. சில வாரம் தாங்கி, மீன்கள் எல்லாம் உள்ளே வந்து, நீங்கள் வெளியூர் போன நாளில் விட்டுவிடும். கசியும் மூலையின் உட்புற ஒட்டை மேலிருந்து கீழ்வரையிலும், அது அடியில் சேரும் பகுதிகளையும் சேர்த்து, பிளேடால் முழுவதும் நீக்கி, கண்ணாடியை ஆல்கஹாலால் துடைத்துக் காயவைத்து, இருபுறமும் டேப் ஒட்டி, இடைவெளியில் ஒரே இழுப்பாகச் சிலிக்கானை இட்டு, ஈரவிரலால் வழித்துவிட்டு, மேலே படலம் கட்டும் முன் டேப்பை உரித்தெடுக்க வேண்டும். கண்ணாடிகளுக்கு இடையே உள்ள ஒட்டையே விட்டிருந்தால், அதாவது கண்ணாடி அசைந்தால், இது வீட்டு வேலை அன்று. தொட்டி செய்பவரிடம் கொடுத்துப் பிரித்து ஒட்டுங்கள்.

கடையில் சிலிக்கான் கேட்கும்போது மீன்தொட்டிக்கு என்று கேட்டு வாங்குங்கள். குளியலறைக்கான சிலிக்கானில் பூஞ்சணத் தடுப்பு மருந்து கலந்திருக்கும். அது மீனுக்கு நஞ்சு. சரியான வகையிலிருந்து காயும்போது வினிகர் மணம் வரும். அந்த மணம் முற்றிலும் நீங்கும்வரை, மழைக்காலமாயின் ஒரு வாரம் வரைகூட, நீர் ஊற்றாமல் பொறுத்திருங்கள்.

கேள்வி: தொட்டியோடு ஃபில்டர், மோட்டார், ஹீட்டர், சரளை, ஒரு மரக்கட்டை, பொம்மைகள் எல்லாம் சேர்த்துக் கொடுத்தார்கள். எவற்றை வைத்துக்கொள்ளலாம்?
— வாசகர், அருமனை

பதில்: ஃபில்டரின் பிளாஸ்டிக் உடலைக் கழற்றிக் கழுவி, மேலே சொன்ன குளோரின் நீரில் ஊறவைத்து எடுத்துக்கொள்ளுங்கள், உள்ளிருக்கும் பழைய ஸ்பாஞ்சையும் பஞ்சையும் எறிந்துவிடுங்கள். ‘பழைய ஸ்பாஞ்சில் நல்ல பாக்டீரியா இருக்கும்’ என்று சிலர் சொல்வது ஓடிக்கொண்டிருக்கும் தொட்டியைப் பற்றிய உண்மை. காய்ந்து கிடந்த ஸ்பாஞ்சில் அவை செத்துப் பல நாள் ஆகியிருக்கும். மிஞ்சியிருப்பது அழுகிய அழுக்கு மட்டுமே.

மோட்டாரின் காந்த இறக்கையைத் தாங்கும் பகுதியில் படிந்த சுண்ணாம்பை வினிகரில் ஊறவைத்து நீக்கினால், நின்றுபோன மோட்டார்கூடச் சில வேளைகளில் ஓடும். ஆனால் ஒயரின் மேலுறை வெடித்திருந்தாலோ, ஒயர் மோட்டாருக்குள் நுழையும் இடத்தில் பிளவு இருந்தாலோ, அது எத்தனை நன்றாக ஓடினாலும் பயன்படுத்தாதீர்கள். நீருக்குள் இருக்கும் மின்கருவி அது. கண்ணாடிக் குழாய் ஹீட்டரை நாம் வைத்துக்கொள்ளச் சொல்லமாட்டோம். குமரி மாவட்டத்தின் சமவெளியிலும் கடற்கரையிலும் வெப்பமண்டல மீன்களுக்கு ஆண்டு முழுவதும் ஹீட்டர் பெரும்பாலும் தேவையே இல்லை. தேவையில்லாத பொருளில், அதுவும் பழையதில், மின்னதிர்ச்சி ஆபத்தை ஏன் ஏற்க வேண்டும்? எந்த மின்கருவியின் ஒயரும் பிளக்குக்குப் போகும் முன் ஒருமுறை கீழே தொங்கி மேலேறட்டும். ஒயர்வழியே வழியும் நீர் அந்தத் தொங்கலில் சொட்டிவிடும், பிளக்கில் ஏறாது.

மரக்கட்டை நீரையும் மருந்தையும் உறிஞ்சிவைத்திருக்கும். அதைக் குளோரினில் ஊறவைத்தால் குளோரினையும் உறிஞ்சிக்கொள்ளும். பாத்திரம் கொள்ளுமாயின் நீண்ட நேரம் கொதிக்கவைத்து எடுக்கலாம். நோய்கண்ட தொட்டியின் கட்டை என்றால் அடுப்புக்குப் போகட்டும். சரளை மலிவான பொருள். வரலாறு தெரியாத சரளையை மாற்றுவதே மேல். சாயம் உரியும் பொம்மைகளைப் பற்றிப் பேசவே தேவையில்லை.

கேள்வி: புதிய சரளைக்குப் பதில் மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலைக் கழுவிப் போடலாமா? கருமணல் பார்க்க அழகாக இருக்கிறது.
— வாசகர், மண்டைக்காடு

பதில்: வேண்டாம். கடற்கரை மணலில் உப்பும் சிப்பித் தூளும் கலந்திருக்கும். உப்பைக் கழுவிவிடலாம், சிப்பித் தூள் நன்னீரில் மெல்லக் கரைந்து நீரின் கடினத்தன்மையையும் காரத்தன்மையையும் உயர்த்திக்கொண்டே இருக்கும். அதோடு, உங்கள் பகுதியின் மணல் சாதாரண மணல் அன்று. கருமையாகத் தெரிவது இல்மனைட். அதனுடன் ரூட்டைல், சிர்க்கான், கார்னெட் ஆகியனவும், தோரியம் அடங்கிய மோனசைட்டும் கலந்திருப்பதால்தான் இந்திய அரசு நிறுவனமான ஐ.ஆர்.இ.எல். அங்கே ஆலை வைத்துக் கனிமங்களைப் பிரித்தெடுக்கிறது. அத்தகைய மணலை அள்ளிவருவது சட்டச் சிக்கலையும் வருவிக்கும்.

மீன்கடையில் குவார்ட்ஸ் சரளை வாங்குங்கள். வாங்கும் முன் ஒரு கைப்பிடியில் சில துளி வினிகரை விட்டுப் பார்க்கலாம். நுரைத்தால் அதில் சுண்ணாம்பு இருக்கிறது. பிறகு வாளியில் போட்டு, அரிசி களைவதுபோல் கலங்கல் நிற்கும்வரை களைந்து போடுங்கள்.

கேள்வி: தொட்டியைச் சுத்தம் செய்து முடித்துவிட்டேன். என்றைக்கு மீன் விடலாம்? எங்கள் வீட்டில் குடிநீர்க் குழாயும் ஆழ்துளைக் கிணறும் உள்ளன. எந்த நீர் நல்லது?
— வாசகி, குளச்சல்

பதில்: நீரைப் பற்றி முதலில். குழாய் நீரில் குளோரின் இருக்கும். ஒருநாள் காற்று ஓட்டி வைத்தோ, ஆன்டி-குளோரின் விட்டோ அதை நீக்க வேண்டும். ஆழ்துளை நீரில் குளோரின் இராது. ஆனால் உயிர்வளி குறைவாக இருக்கும் என்பதால் ஓர் இரவு ஏர் பம்ப் ஓட்ட வேண்டும். கடலோரமாகிய உங்கள் ஊரில் அந்த நீரை நாவில் வைத்துப் பாருங்கள். உவர்ப்புத் தெரிந்தால் குழாய் நீரையே பயன்படுத்துங்கள், அல்லது உவர்ப்பைத் தாங்கும் மோலி, கப்பி போன்ற மீன்களோடு நிறுத்திக்கொள்ளுங்கள். கிணற்று நீர் ஊற்றும் வாசகர்கள், ஊராட்சியிலிருந்து பிளீச்சிங் பவுடர் போட்ட நாள்களில் அந்த நீரைத் தொட்டிக்கு எடுக்க வேண்டாம்.

மீன் விடும் நாள் வேறு கணக்கு. நீங்கள் கிருமிநீக்கம் செய்த தொட்டியில் கெட்டதோடு நல்லதும் போய்விட்டது. மீனின் கழிவிலிருந்தும் மிஞ்சிய தீனியிலிருந்தும் அம்மோனியா உண்டாகிறது. ஒருவகை பாக்டீரியா அதை நைட்ரைட்டாகவும், மற்றொரு வகை அந்த நைட்ரைட்டை ஓரளவு தீங்கற்ற நைட்ரேட்டாகவும் மாற்றும். அவை ஃபில்டரில் குடியேறிப் பெருகப் பொதுவாக 4 முதல் 6 வாரம் ஆகும். அதற்குள் தொட்டி நிறைய மீன் விட்டால், பளிங்குபோல் தெளிந்த நீரிலேயே அவை செவுள் படபடக்க மேலே வந்து வாய்திறந்து திணறும். மக்கள் உடனே ‘பழைய தொட்டியின் தோஷம்’ என்று சொல்லிவிடுகிறார்கள். புத்தம்புதிய தொட்டியிலும் அதுவேதான் நடக்கும்.

காலத்தைக் குறைக்க ஒரு வழி உண்டு. நோயின்றி நெடுநாள் நன்றாக ஓடும் தொட்டி உறவினர் வீட்டில் இருந்தால், அதன் ஃபில்டர் ஸ்பாஞ்சில் ஒரு பகுதியைக் காயவிடாமல், அந்தத் தொட்டியின் நீரிலேயே நனைத்துக் கொண்டுவந்து உங்கள் ஃபில்டரில் வையுங்கள். அப்படியும் முதலில் இரண்டு மூன்று சிறு மீன்களோடு தொடங்கி, தீனியை மிகக் குறைத்து, வாரம் ஒருமுறை கால்பங்கு நீரை மாற்றிவாருங்கள். அம்மோனியாவையும் நைட்ரைட்டையும் அளக்கும் சோதனைத் துளிகள் கிடைத்தால் வாங்கிக்கொள்வது நல்லது. இரண்டும் பூச்சியத்தில் நிற்கத் தொடங்கியபின் மற்ற மீன்களைச் சேர்க்கலாம்.

கேள்வி: கழுவிய நீரையும் பழைய சரளையையும் எங்கே கொட்டுவது? வீட்டருகே குளம் இருக்கிறது.
— வாசகர், சுசீந்திரம்

பதில்: குளத்தில் மட்டும் வேண்டாம். பழைய சரளையிலும் காய்ந்த செடியிலும் நத்தை முட்டைகளும் விதைகளும் ஒட்டியிருக்கலாம். வெளிநாட்டு நத்தையோ செடியோ குளத்தில் ஒருமுறை பரவிவிட்டால் பின்னர் அகற்றுவது எளிதன்று. சரளையை நன்றாக வெயிலில் காயவைத்து வழித்தடத்தில் கொட்டிவிடலாம். வினிகர் நீரைச் சாக்கடையில் விட்டால் போதும். குளோரின் நீரில் ஆன்டி-குளோரின் சேர்த்து, அல்லது இரண்டு நாள் திறந்த வாளிகளில் வைத்து நெடி போனபின், செடிகள் இல்லாத இடத்தில் ஊற்றுங்கள். மீன்கள் வளரத் தொடங்கியபின் வாராவாரம் மாற்றும் நீரை உங்கள் தென்னைக்கு ஊற்றலாம். அதில் உப்போ மருந்தோ கலக்காதவரை மரத்துக்கு அது உரமே.